சொல்லாமல் போகும் காற்று: மெதுவான கசிவின் 180 வருடக் கதை

இந்த முறை திருவேங்கடத்துக்குப் போயிருந்தபோது பைக்கின் பின் சக்கரம் ஒரு விளையாட்டுக் காட்டியது. திங்கட்கிழமை 29 பவுண்டு காற்று அடித்தால் வியாழக்கிழமை 20-க்கு வந்து நிற்கும். ஆணி இல்லை, முள் இல்லை, வெட்டு இல்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை அடித்தால் ஓடிவிடுகிறது என்று நானும் பழகிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் காற்று அடிக்க மறந்துபோனது. அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துச் சங்கரன்கோவில் போய்விட்டு இருட்டியபின் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் முன் சக்கரம் நான் சொன்ன பக்கம் போனது, பின் சக்கரம் தன் பாட்டுக்கு வெளியே இழுத்தது. விழவில்லை. காலை ஊன்றி நிறுத்திவிட்டேன். "என்னப்பா, ரோட்டுல மண்ணு கிடந்துச்சா?" என்றாள் அம்மா. மண் எதுவும் இல்லை. இறங்கி டயரை மிதித்துப் பார்த்தேன், தலையணை மாதிரி அமுங்கியது.

மறுநாள் பஞ்சர் கடை அண்ணாச்சியிடம் போய் நின்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். "பஞ்சர்னா சொல்லிட்டுப் போகும் தம்பி. இது சொல்லாமப் போறது. இதுதான் ஆளக் கவுக்கும்."

இந்தச் 'சொல்லாமப் போறது' எங்கிருந்து வந்தது என்று தேடப் போனேன். கிடைத்தவைதான் இந்தக் குறிப்புகள்.

காற்றடைத்த சக்கரத்துக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர் டன்லப் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். உண்மையில் அவருக்கு 43 வருடம் முன்னாலேயே, 1845-ல், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வாங்கிவிட்டார். ரப்பர் பூசிய கித்தான் பை, அதன் மேலே தோல் உறை. குதிரை வண்டியில் மாட்டி லண்டனில் ஓட்டியும் காட்டினார். ஒரு ஜோடி சக்கரம் 1,200 மைல் வரை தாங்கியதாம். ஆனால் அந்தக் காலத்தில் சைக்கிளும் இல்லை, காரும் இல்லை. வாங்க ஆள் இல்லாமல் அது மறந்துபோனது.

பிறகு 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே தனியாகக் கண்டுபிடித்துக் காப்புரிமை எடுத்தார். தாம்சனின் பழைய காகிதம் வெளியே வந்ததும் அந்த உரிமை செல்லாமல் போனது. ஆனாலும் டயர் நிலைத்துவிட்டது, டன்லப் பெயரும் நிலைத்துவிட்டது.

டன்லப் டயரை ரிம்மோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். 1889-ல் பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரான் ஊரில் இருந்த மிஷலான் சகோதரர்களின் தொழிற்சாலைக்கு ஒரு சைக்கிள்காரர் பஞ்சரான சக்கரத்தோடு வந்து சேர்ந்தார். பிரித்து ஒட்ட மூன்று மணி நேரம், பசை காய ஒரு ராத்திரி. மறுநாள் எதுவார் மிஷலான் ஓட்டிப் பார்த்தார். கொஞ்ச தூரத்திலேயே மறுபடியும் காற்று போய்விட்டது. ஆனால் அந்தக் கொஞ்ச தூரச் சொகுசை அவரால் மறக்க முடியவில்லை. 1891-ல் கழற்றி மாட்டக்கூடிய டயரைக் கொண்டுவந்தார். அதே வருடம் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் அந்த டயரில் ஓட்டி ஜெயித்தார். டயர் லிவரை வைத்து நெம்பிக் கழற்றும் இன்றைய பஞ்சர் கடை வேலைக்கு வழி திறந்தது அங்கேதான்.

அடுத்த ஓட்டை வால்வு. காற்று உள்ளே போக ஒரு வாசல் வேண்டும், அதே வாசல் வழியாக வெளியே வரக்கூடாது. நம் சைக்கிளில் பித்தளைக் குழாயின் மேல் ஒரு சின்ன ரப்பர் குழலை மாட்டுவோமே, வால்டியூப், அதுவும் இந்தப் பிரச்சினைக்கு ஒரு பதில்தான். அது வெடித்துக் காற்று இறங்காத சைக்கிளைப் பார்த்தவர் நம் தலைமுறையில் இருக்க மாட்டார்கள். பைக்குக்கும் காருக்கும் வந்தது நியூயார்க்கில் இருந்த ஆகஸ்ட் ஷ்ரேடரின் வழி. 1893-ல் காப்புரிமை பெற்றது. உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன ஊசி, அதன் கழுத்தில் மிளகளவு ரப்பர். அந்த ரப்பரில் ஒரு மணல் பருக்கை உட்கார்ந்தால் போதும், கசிவு தொடங்கிவிடும். அதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். நம்மூர் மெக்கானிக் விரலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைப்பார். குமிழி எழும்பினால் ஊசியை மாற்றினால் சரி.

இதெல்லாம் உள்ளே இருந்த ஓட்டைகள். வெளியே இருந்து வந்தவற்றுக்கு நம் பக்கத்தில் ஒரு கதை உண்டு. திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ல் பேருந்துத் தொழிலில் இறங்கினார். அன்றைய சாலைகள் மாட்டு வண்டிகளுக்கானவை. மாட்டுக்குப் பிளவுக் குளம்பு, எனவே ஒரு காலுக்கு இரண்டு லாடம், ஒரு மாட்டுக்கு எட்டு. ஒவ்வொன்றிலும் பல ஆணிகள். தேய்ந்து கழன்ற ஆணியெல்லாம் சாலையில்தான் கிடக்கும். பேருந்து டயர்களைக் காப்பாற்றக் காந்தம் கட்டிய வண்டியை ஓட்டி அந்த ஆணிகளைப் பொறுக்க ஏற்பாடு செய்தார் என்பது டி.வி.எஸ். வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் செய்தி. பஞ்சர் ஒட்டுவதைப் பற்றி எல்லோரும் யோசித்த காலத்தில், ஒருவர் சாலையைச் சுத்தம் செய்ய யோசித்திருக்கிறார்.

இன்று லாட ஆணி குறைந்துவிட்டது. அந்த இடத்தைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டது. தென் அமெரிக்கச் செடி. 1870-களில் சென்னை மாகாணத்தின் கடப்பைப் பக்கம் விறகுக்காக நடப்பட்டது, இன்று கரிசல் காடு முழுக்க நிற்கிறது. திருவேங்கடத்துக்குப் பக்கத்துக் கலிங்கப்பட்டிக்காரரான வைகோ அதை ஒழிக்கச் சொல்லி வழக்குப் போட, 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவிட்டதும் பிறகு அதற்குத் தடை வந்ததும் நினைவிருக்கலாம். அந்த முள் டயரில் ஏறி உள்ளேயே ஒடிந்துவிடும். காந்தத்துக்கும் சிக்காது, கண்ணுக்கும் தெரியாது. டியூபை ஒட்டிவிட்டு டயருக்குள் விரலால் தடவிப் பார்க்காமல் மாட்டினால் அதே இடத்தில் மறுபடி குத்தும். பஞ்சர் போட்டும் காற்று நிற்கவில்லை என்று கடைக்காரரைத் திட்டுவதில் பாதி இந்த முள்ளின் பாவம்.

ஓட்டையே இல்லை, வால்வும் சரி என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது காற்று நிற்குமா? நிற்காது. திருவிழாவில் வாங்கிய பலூனை இறுக்கிக் கட்டி ராத்திரி வைத்தால் காலையில் சுருங்கிக் கிடக்கிறதே, அதுதான் பதில். ரப்பரின் ஊடாகவே காற்று மெல்ல ஊறி வெளியேறும். (எம்.ஆர்.எஃப். நிறுவனமே 1946-ல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யத்தான் தொடங்கப்பட்டது என்பது இந்த இடத்தில் ஒரு நல்ல பொருத்தம்.) இயற்கை ரப்பர் டியூப் இருந்த காலத்தில் வாரம் ஒருமுறை காற்று அடிப்பது வழக்கம், அதை யாரும் கோளாறு என்று நினைத்ததில்லை. 1937-ல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்பார்க்ஸ், ராபர்ட் தாமஸ் என்ற இருவர் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பரை உருவாக்கினார்கள். இயற்கை ரப்பரைவிட ஏறக்குறைய பத்து மடங்கு நன்றாகக் காற்றைப் பிடித்து வைக்கும். அது டியூபாக வந்தபின் மாதத்துக்கு ஒன்றிரண்டு பவுண்டு குறைவதே இயல்பு என்று ஆனது. நாம் காற்றைப் பார்க்க மறந்ததும் அதற்குப் பிறகுதான்.

குளிரும் ஒரு கள்வன். மத்தியானக் கரிசல் வெயிலில் 38 டிகிரியில் 29 பவுண்டு வைத்துவிட்டு, சீசன் சாரலில் குற்றாலம் போய் ராத்திரி 24 டிகிரியில் அளந்தால் சுமார் இரண்டு பவுண்டு குறைவாகக் காட்டும். இது கசிவே அல்ல. காற்று குளிர்ந்து சுருங்குகிறது, அவ்வளவுதான்.

இனி கடைசி மாற்றம், டியூப்லெஸ். குட்ரிச் கம்பெனியின் ஃபிராங்க் ஹெர்ஸெக் 1940-களில் உழைத்து உருவாக்கியது. 1947-ல் அறிவித்தார்கள், 1952-ல் காப்புரிமை, 1955 வாக்கில் அமெரிக்காவின் புதுக் கார்களில் வழக்கமானது. அதன் பெரிய பெருமை பஞ்சர் ஆகாது என்பதல்ல. டியூபில் ஆணி ஏறினால் காற்று டியூபை விட்டு வெளியேறி, ஸ்போக் துவாரம் வழியாகவும் ரிம் ஓரம் வழியாகவும் சட்டென்று போய்விடும். ஓடும் வண்டி அந்த நொடியே தள்ளாடும். டியூப்லெஸ்ஸில் டயரின் உட்புற ரப்பர் அந்த ஆணியையே கவ்விப் பிடித்துக்கொள்ளும், காற்று துளித்துளியாகத்தான் போகும். (அதனால்தான் வழியில் ஆணியைப் பார்த்ததும் பிடுங்கக் கூடாது. கடை வரைக்கும் அதுவே அடைப்பு.)

அதாவது, சக்கரம் வெடிப்பதை மெதுவான கசிவாக மாற்றியதுதான் அந்தக் கண்டுபிடிப்பு. தாம்சனிலிருந்து ஹெர்ஸெக் வரை யாரும் கசிவை நிறுத்தவில்லை. அதை மெதுவாக்கினார்கள். மெதுவாக்கியதால் நமக்குக் கிடைத்தது பாதுகாப்பு அல்ல, அவகாசம். அந்த அவகாசத்தில் நாம் பார்த்தால் பாதுகாப்பு. பார்க்காவிட்டால் அதே கசிவு, திடீர் பஞ்சரைப் போல எச்சரிக்காமல், ஒரு வளைவு வரைக்கும் நம்மைக் கூட்டிக்கொண்டு போகும். தினமும் அரைக்கால் அரைக்காலாக இறங்கும் சக்கரத்துக்கு நம் கை தினமும் பழகிக்கொள்கிறது. நான் அப்படித்தான் பழகினேன்.

என் வண்டிக்கு வருகிறேன். அண்ணாச்சி முதலில் வால்வில் எச்சில் வைத்தார். குமிழி இல்லை. சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். குமிழி இல்லை. நான் அவசரப்பட்டேன், அவர் அசையவில்லை. "பொறுங்க தம்பி, மூணு நாள்ல போறது மூணு நிமிஷத்துல தெரியுமா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, டயர் ரிம்மோடு பொருந்தும் ஓரத்தில், ஒரு சாண் நீளத்துக்குக் கடுகு மாதிரி குமிழிகள் வரிசையாக ஒட்டி நின்றன. டயரைப் பிரித்தார். அலாய் ரிம்மின் உள் விளிம்பில் வெள்ளையாகப் பூத்துப் பொருக்குத் தட்டியிருந்தது. அலுமினியத்தின் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவி மாட்டினார். வால்வு ஊசியையும் புதிதாகப் போட்டார்.

ஒரு வாரம் கழித்து அளந்தேன். 29 அப்படியே இருந்தது. சின்னதாக ஒரு காற்றுமானி வாங்கி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி சூடாகும் முன் இரண்டு சக்கரத்திலும் வைத்துப் பார்க்கிறேன். அம்மாவுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. "அதான் சரி பண்ணியாச்சே, இன்னும் என்ன பாக்க?" என்கிறாள். சரியானது அந்த ஒரு கசிவுதான் அம்மா. சக்கரம் என்று ஒன்று இருக்கிற வரைக்கும் அடுத்தது எங்கேயோ தொடங்கித்தான் இருக்கும்.