கூடுவிட்டுக் கூடு பாய்ந்த பூனை

முதுகலை ஆய்வேட்டிற்காக 2003ஆம் ஆண்டு நான் தட்டச்சிட்டு வைத்திருந்த குறிப்புகள் அடங்கிய குறுந்தகடு ஒன்று சென்ற மாதம் கைக்கு அகப்பட்டது. தகடு கெடவில்லை. கோப்பும் திறந்தது. ஆனால் திரையில் தெரிந்தவை உரோமன் எழுத்துகளும் விநோதக் குறிகளும். அன்று பயன்படுத்திய எழுத்துரு இப்போது என்னிடம் இல்லை. ஓலை இருக்கிறது, எழுத்து இருக்கிறது, வாசிக்கும் கண் போய்விட்டது. ஸ்கிராட்ச் என்னும் மென்பொருளின் வரலாறு அந்த வாரத்தில்தான் என்னை ஆழமாக ஈர்த்தது. மகளின் கணினியில் நெடுநாளாகப் பார்த்துவரும் அந்த ஆரஞ்சுப் பூனைக்குப் பின்னால் இப்படியொரு கதை இருக்குமென்று நான் எண்ணியதில்லை.

ஸ்கிராட்ச், சிறுவர் நிரலாக்கம் கற்பதற்கான காட்சிவழிக் கருவி. கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்த வேண்டும். பொருந்தாதவை ஒட்டுவதில்லை. எனவே ஓர் அரைப்புள்ளியை மறந்ததற்காகக் கணினியிடம் திட்டு வாங்கும் அவலம் குழந்தைக்கு இல்லை. (இலக்கண ஆசிரியனான எனக்கு இதில் சிறிது பொறாமை உண்டு.) 1967இல் சீமோர் பேப்பர்ட் முதலியோர் உருவாக்கிய லோகோ மொழியின் வழிவந்தது இது. எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு இதை உருவாக்கி 2007இல் வெளியிட்டது.

முதற் கூடு ஸ்குவீக். ஸ்மால்டாக் மொழியின் ஒரு வடிவம் அது. ஆலன் கே முதலிய அறிஞர்களின் முயற்சியில் 1996இல் வெளிவந்தது. ஸ்கிராட்சின் முதன்மை நிரலாளரான ஜான் மலோனி ஸ்குவீக் உருவாக்கத்திலும் பங்கேற்றவர். கைக்குப் பழகிய உளியை எடுப்பது சிற்பிக்கு இயல்புதானே. திரையிலுள்ள எதையும் தொட்டு, இயங்கிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம் என்னும் ஸ்மால்டாக்கின் பண்பு கட்டைகளுக்குள் அப்படியே இறங்கியது.

ஆனால் பிள்ளைகள் படைத்ததைப் பிறருக்குக் காட்ட விரும்புவார்கள். ஸ்கிராட்ச் இணையதளத்தின் உயிரே அதுதான். கருவி கணினியில் நிறுவப்பட்டது. படைப்போ இணையத்தில் ஏற்றப்பட்டது. உலாவிக்குள் ஸ்குவீக் ஓடாது என்பதால், படைப்பை ஓட்டிக் காட்ட ஜாவா ஆப்லெட் ஒன்று தனியாக எழுதப்பட்டது. ஒரே நாடகத்திற்கு இரண்டு குழுக்கள் போல, ஒரே நிரலுக்கு இரண்டு இயக்கிகள். மற்றொரு பிள்ளையின் விளையாட்டு எப்படி அமைந்தது என்றறிய வேண்டுமானால் கோப்பை இறக்கிக்கொண்டு தன் கணினியில் திறக்க வேண்டும். பிறர் நிரலைப் படித்து, மாற்றி, தன் பெயரில் மறுஆக்கம் செய்வதே கல்வி என்று நம்பிய குழுவுக்கு இந்த இடைவெளி உறுத்தியிருக்கும்.

அதனால் கருவி முழுவதையும் உலாவிக்குள் கொண்டுவரத் துணிந்தார்கள். தேர்ந்தெடுத்தது ஃப்ளாஷ். இன்று இதைப் பிழை என்று சொல்வது எளிது. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஃப்ளாஷுக்கு எதிராகப் பகிரங்கக் கடிதமே எழுதிவிட்டார். ஐபேடில் ஃப்ளாஷுக்கு இடமில்லை. ஆயினும் அக்காலப் பள்ளிக் கணினிகளை எண்ணிப் பாருங்கள். பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர், ஒலியை ஒவ்வொரு விதமாகக் கையாளும் உலாவிகள், இன்னும் முதிராத எச்டிஎம்எல்5. படம், ஒலி, ஒளிப்படக்கருவி எல்லாம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இயங்க ஃப்ளாஷ்தான் கைவசம் இருந்தது. வரப்போகும் உலாவிக்காக அல்ல, இருக்கும் பிள்ளைக்காகத் தேர்ந்தார்கள் என்றே நான் இதை வாசிக்கிறேன். 2013 மே மாதம் ஸ்கிராட்ச் 2.0 வந்தது. பிறர் படைப்பின் உள்ளே பார்க்க இப்போது ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

இந்தக் கூட்டிற்கு ஆயுள் குறைவு. 2020 இறுதியில் ஃப்ளாஷைக் கைவிடுவதாக 2017 ஜூலையில் அடோபி நிறுவனம் அறிவித்தது. ஒரு தனியார் நிறுவனத்தின் முடிவொன்று பல நாட்டுப் பிள்ளைகளின் கதைகளையும் விளையாட்டுகளையும் வாசிக்க இயலாத ஓலைகளாக்கிவிடக்கூடும் என்ற நிலை.

நல்லவேளையாக, எம்ஐடி குழு அறிவிப்புக்குக் காத்திருக்கவில்லை. 2016 மே மாதமே கூகுளுடன் இணைந்து ஸ்கிராட்ச் பிளாக்ஸ் என்னும் திட்டத்தை அறிவித்திருந்தது. 2012இல் கூகுள் வெளியிட்ட பிளாக்லி என்னும் திறந்த மூல நூலகம் அதன் அடித்தளம். இதில் கட்டைகளை உலாவியே அறிந்த எஸ்விஜி உருக்களாக வரைகிறார்கள். பூனை நடமாடும் மேடைக்கு மட்டும் வெப்ஜிஎல். பெர்க்லியின் ஸ்னாப் குழு வேறு வழி சென்றது. ஸ்கிராட்சின் ஸ்குவீக் நிரலை விரித்துத் தொடங்கிய அவர்கள், ஜாவாஸ்கிரிப்டுக்கு மாறியபோது உலாவியை வெறும் தாளாகக் கருதி, கேன்வாஸ் பரப்பில் கட்டை முதல் பட்டியல் வரை அனைத்தையும் தாமே வரைந்தார்கள். ஸ்மால்டாக்கின் ஆன்மா அங்கேதான் அதிகம் எஞ்சியிருக்கிறது என்பேன். ஆனால் தனித்து நிற்பவர் எல்லாவற்றையும் தாமே சுமக்க வேண்டும்.

2019 ஜனவரி 2 அன்று ஸ்கிராட்ச் 3.0 வெளிவந்தது. இழப்பு இல்லாமல் இல்லை. இன்டர்நெட் எக்ஸ்புளோரரை மட்டுமே நம்பியிருந்த பள்ளிகளுக்கு அதில் வழியில்லை. என்னைக் கவர்ந்தது வேறொன்று. 2007இன் கோப்புகள் ஸ்குவீக்குக்கே உரிய வடிவில் அமைந்தவை. ஃப்ளாஷில் எழுதப்பட்ட 2.0இன் நிரலுக்குள், அந்தப் பழங்கோப்பைப் பிரித்து வாசிப்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்ட 3.0உம் முந்தைய இரு வடிவங்களையும் திறக்கிறது. ஏடு பெயர்த்தெழுதியவர்களின் உழைப்பு இப்படித்தான் இருந்திருக்கும். செல்லரிக்குமுன் அடுத்த ஓலைக்கு ஏற்றிவிட வேண்டும். ஏற்றியவர் பெயரைப் படிப்பவர் அறியமாட்டார்.

மேடையின் அளவைக்கூட அவர்கள் மாற்றவில்லை. 480க்கு 360 புள்ளிகள், மூன்று கூடுகளிலும். மாற்றியிருந்தால் ஏதோ ஓர் ஊரில் ஒரு சிறுமி 2008இல் மூலையில் நிறுத்திய பூனை வேறெங்கோ போயிருக்கும்.

என் குறுந்தகட்டின் குறிகளை ஒருங்குறிக்கு மாற்றித் தருவதாக மாணவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். எந்த எழுத்துரு என்று கேட்கிறார். எனக்கு நினைவில்லை.