மடியில் ஒரு பிடி விதை

சாப்பிடுகிற பொருளுக்கு யாராவது கண்ணீர் என்று பேர் வைப்பார்களா?

வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு பீன்ஸ் விதையின் பெயர் 'செரோக்கி ட்ரெயில் ஆஃப் டியர்ஸ்'. அதாவது, செரோக்கி மக்களின் கண்ணீர்ப் பாதை! நம்ம மளிகைக் கடை ராஜ்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதைவிடச் சின்னது, பளபளவென்று மைக் கறுப்பு. கொடியில் காய் முற்றும்போது பச்சை மாறி ஊதாவாகும்.

யார் இந்த செரோக்கிகள்? இன்றைய ஜார்ஜியா, டென்னஸி, வடக்கு கரோலினா மலைப்பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூர்வகுடிகள். நல்ல விவசாயிகள். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் சேர்த்தே விதைப்பார்கள். சோளத்தட்டையைப் பிடித்து பீன்ஸ் கொடி ஏறும். பீன்ஸின் வேர் மண்ணுக்கு உரம் சேர்க்கும். பூசணி இலை நிலத்தை மூடி ஈரம் காக்கும். மூன்றையும் அக்கா தங்கைகள் என்பார்கள். 1828-ல் சொந்த எழுத்தில் பத்திரிகையே நடத்திய மக்கள் இவர்கள்.

வம்பு தங்க ரூபத்தில் வந்தது. 1820-களின் கடைசியில் ஜார்ஜியாவில் தங்கம் கிடைக்க, வெள்ளைக்காரர்களின் பார்வை செரோக்கி நிலத்தின் மேல் விழுந்தது. 1830-ல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பூர்வகுடிகளை மிஸிஸிப்பி நதிக்கு மேற்கே அனுப்பும் சட்டம். செரோக்கி மண்ணில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று 1832-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. யார் கேட்டார்கள்?

1835 டிசம்பரில் ஒரு சிறு கோஷ்டியைப் பிடித்து, நிலத்தை விட்டுத்தருவதாக ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள். தலைவர் ஜான் ராஸ், 15,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு எதிர்ப்பு மனு கொண்டுபோனார். ம்ஹூம்! தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கி, 1836-ல் ஒப்பந்தம் செனட்டில் நிறைவேறிவிட்டது.

1838 மே. ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்காட்டின் படை வந்து இறங்கியது. துப்பாக்கி முனையில் வீட்டைவிட்டு வெளியேற்றி, மரவேலி முகாம்களில் அடைத்தார்கள். வயிற்றுப்போக்கு, காய்ச்சல், பசி... அதற்குப் பிறகுதான் நடை ஆரம்பம். பெரும்பாலோருக்கு, கொடும் பனிக்காலத்தில் இன்றைய ஓக்லஹோமா வரை சுமார் 1,000 மைல். புறப்படுத்தப்பட்டவர்கள் சுமார் 16,000 பேர். முகாமிலும் வழியிலுமாகச் செத்தவர்கள் ஏறத்தாழ 4,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

இந்த நடையில் கொண்டுபோன விதைதான் அந்தக் கறுப்பு பீன்ஸ் என்பது, குடும்பங்களில் வாய்வழியாக வந்த செய்தி.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். பூசணி என்றால் சதையைச் சமைத்துவிட்டு விதையைக் காயவைக்கலாம். காய்ந்த பீன்ஸில் அது நடக்காது. எது சோறோ அதுவேதான் விதை. பானையில் போட்டால் இன்றைய பசி தீரும். ஆனால், வெந்த விதை முளைக்காது. அவ்வளவுதான், கதை முடிஞ்சுபோச்சு. குழந்தை பசியில் அழும்போதும் மடியில் இருக்கும் ஒரு பிடியைத் தொடாமல் நடப்பதென்றால்... நம்மூரில் விதைநெல்லைக் காத்த குடும்பங்களுக்கு இது புரியும்.

போய்ச் சேர்ந்த இடத்தில் விதை முளைத்தது. பீன்ஸ் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும்; பக்கத்துக் கொடியோடு கலப்பது குறைவு. எனவே, போன வருஷத்து விதையைப் போட்டால் அதே பீன்ஸ்தான் வரும். 1977-ல் ஓக்லஹோமாவைச் சேர்ந்த, செரோக்கி வம்சாவளியினரான டாக்டர் ஜான் வைச், இந்த விதையை 'சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்' என்ற பாரம்பரிய விதை அமைப்புக்குக் கொடுத்தார். வெளியுலகத்துக்குத் தெரியவந்தது அப்படித்தான். 2020-ல் செரோக்கி தேசம் தன் ஒன்பது பாரம்பரிய விதைகளை நார்வேயின் ஸ்வால்பார்ட் பனிப் பெட்டகத்துக்கு அனுப்பியது. இதுவும் அதில் ஒன்று.

பெட்டகம் விதையைக் காக்கும். ருசியை?

அதற்கு அடுப்பு வேணும். செரோக்கி வீடுகளில் பீன் பிரெட் என்று ஒன்று செய்வார்கள். பேர்தான் பிரெட், பார்த்தால் நம்ம கொழுக்கட்டை ஜாதி. வெந்த பீன்ஸை, வெந்த தண்ணீரோடு சூடாக மக்காச்சோள மாவில் கொட்டிப் பிசைந்து, உருட்டி, சோளத்தோகையில் சுற்றி, கொதிக்கும் நீரில் போட்டு எடுப்பார்கள். மாவில் உப்புப் போடக் கூடாது, உதிர்ந்துவிடும் என்பது பாட்டிமார் சொல்.

ராஜ்மாவோ கறுப்பு பீன்ஸோ, நீங்கள் சமைப்பதென்றால் ராத்திரி ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிஷமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு மெத்தென்று வேகவையுங்கள். அரைவேக்காடு வயிற்றைக் கெடுக்கும்.

சாப்பிட ஆளில்லாத பயிரை யாரும் விதைப்பதில்லை. மொத்தத்தையும் சாப்பிட்டுவிட்டால் விதைக்க எதுவுமில்லை. அதனால், பானையிலும் கொஞ்சம், ஜாடியிலும் கொஞ்சம்!