துணுக்காயில் அவரையினப் பயிர்கள்: இயற்கை விதைப் பரிகரணமும் மண் ஊட்டமும்

துணுக்காய், முல்லைத்தீவு மாவட்டத்தின் பிரதேச செயலாளர் பிரிவுகளில் ஒன்று. உலர் வலயத்தைச் சேர்ந்தது. இங்கு குளத்து நீர் நெல்லுக்குப் போகிறது. உழுந்து, பயறு, கௌபி பெரும்பாலும் மேட்டுக்காணியில், வடகீழ்ப் பருவ மழையை நம்பி விதைக்கப்படுகின்றன.

இவற்றின் வேர்ச்சிறுகணுக்களில் வாழும் றைசோபிய வகைப் பற்றீரியங்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு உணவாக்குகின்றன. நைதரசன் மிகுந்த பசளையை அள்ளிப் போட்டால் செடி இலை தள்ளும், கணுக்கள் குறையும். ஆதலால் பரிகரணத்தின் முதல் வேலை பற்றீரியத்தை விதையோடு மண்ணில் இறக்குவதே. றைசோபிய நுண்ணுயிர்ப் பசளையை ஆறிய கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைக்க வேண்டும். வெயிலும் பங்கசுநாசினியும் பற்றீரியத்தைக் கொன்றுவிடும். பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டிக் கணுவைப் பிளந்து பார்க்கலாம்: உள்ளே இளஞ்சிவப்பு என்றால் நைதரசன் சேர்கிறது. எந்தக் கரைசலையும் நம்புமுன் விவசாயி செய்யவேண்டிய சோதனை இது.

இந்தியாவில் இயற்கை வேளாண்மையாளர் சுபாஷ் பாலேக்கர் பரப்பிய பீஜாமிர்தம் என்ற விதைப் பரிகரணக் கரைசல் 20 லீற்றர் நீர், 5 கிலோ சாணம், 5 லீற்றர் கோமூத்திரம், 50 கிராம் சுண்ணாம்பு, ஒரு பிடி மண் சேர்ந்தது. உழுந்தின் தோல் மெல்லியது, ஊறவிட்டால் கழன்றுவிடும். நனைத்தவுடன் எடுத்து நிழலில் உலர்த்துவதே நல்லது.

மண்ணைப் பொறுத்தவரை முதற்கவனம் வடிகாலுக்கு உரியது. கார்த்திகை அடைமழையில் நீர் தேங்கினால் காற்றின்றிக் கணுக்கள் செயலிழக்கும். எந்தப் பசளையும் அதை ஈடுசெய்யாது. அடுத்தது பொசுபரசு. எப்பாவல பாறைப் பொசுபேற்று மிக மெதுவாகக் கரைவதால் இரண்டரை மாதப் பயிருக்கு நேரடியாக உதவுவது குறைவு. கூட்டெருவோடு மக்கவிட்டு இடுவது மேல். செங்கபில மண்ணில் சேதனப் பொருள் குறைவு. மக்கிய மாட்டெரு, ஆட்டெரு, கிளிசரிடியா இலை ஆகியவை அதன் ஈரம் பிடிக்கும் தன்மையைக் கூட்டுகின்றன.

எருவுக்கு மாடு வேண்டும். ஆனால் 2008இல் உள்நாட்டுப் போரால் இடம்பெயர்ந்த, துணுக்காய் உள்ளிட்ட வன்னிப் பகுதி மக்கள் பலர் கால்நடைகளையும் வீட்டு விதையையும் இழந்தே மீளக் குடியேறினர். 2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் அத்தடையை நீக்கியது. போதிய சேதனப் பசளை கையில் இல்லாத விவசாயிக்கு அந்தத் தடை பெரும் சுமையாயிற்று.

அடுத்த போகத்துக்கான விதையை நன்கு காயவைத்து, சலித்த சாம்பலோ சிறிதளவு வேப்பெண்ணெயோ கலந்து வைத்தால் பயற்று வண்டின் தாக்கம் குறையும். றைசோபியம் பூசுமுன் சாம்பலைப் புடைத்து நீக்கிவிட வேண்டும்.