ஆனி பிறந்த கதை

முதலுதவிப் பயிற்சிக்குப் போனவர்கள் அவளைப் பார்த்திருப்பார்கள். தரையில் மல்லாந்து கிடப்பாள். கண்கள் மூடியிருக்கும். "இன்னும் ஆழமா அழுத்துங்க சார், முழங்கையை மடக்காதீங்க" என்று பயிற்சியாளர் விரட்ட, நெஞ்சில் முப்பது அழுத்து, வாயில் இரண்டு ஊது என்று வியர்த்துப்போவோம். அந்த சிபிஆர் பொம்மையின் பெயர் ஆனி.

முகம் மட்டும் இன்னொருத்தியுடையது. 1880களின் கடைசியில் பாரிஸின் சேன் நதியில் ஓர் இளம்பெண்ணின் உடல் கிடைத்ததாம். தேடி யாரும் வரவில்லையாம். பிணவறைக்காரர் ஒருவர் அவள் அழகில் சொக்கி, முகத்தைப் பிளாஸ்டரில் அச்செடுக்கச் செய்தாராம். எனக்கு நம்பிக்கை இல்லை. தண்ணீரில் கிடந்த முகம் ஊதியிருக்கும்; இவளோ தூக்கத்தில் சிரிக்கிறாள். உயிரோடிருந்த பெண்ணிடம் எடுத்த அச்சுதான் என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியோ, அதன் நகல்கள் ஐரோப்பிய வீடுகளில் அலங்காரமாகத் தொங்கின. நார்வேயில் அஸ்முண்ட் லார்டாலின் உறவினர் வீட்டுச் சுவரிலும் ஒன்று.

லார்டால் ஸ்டாவங்கர் ஊர்க்காரர். மரப் பொம்மை செய்தவர், போருக்குப் பிறகு மென்மையான பிளாஸ்டிக்குக்கு மாறினார். ஆனி என்ற குழந்தைப் பொம்மை அவருடைய சரக்குதான். 1950களின் நடுவில், இரண்டு வயது மகன் டோரே தண்ணீரில் மூழ்கிவிட்டான். அப்பா ஓடிப்போய்த் தூக்கி, தொண்டையிலிருந்த நீரை வெளியேற்றிப் பிழைக்க வைத்தார்.

அதே காலத்தில் அமெரிக்காவின் பால்டிமோரில் மயக்க மருத்துவர் பீட்டர் சஃபர், வாயோடு வாய் வைத்து ஊதும் முறையே மேலானது என்று நிரூபித்திருந்தார். கற்றுக்கொடுப்பதுதான் சிக்கல், பழகிப் பார்க்க யார் வாயைக் கொடுப்பார்கள்? நார்வே மருத்துவர் பியோர்ன் லிண்டும் சஃபரும் கேட்டுக்கொள்ள, ஆளுயரப் பொம்மை செய்ய லார்டால் ஒப்புக்கொண்டார். ஆண் பொம்மையின் வாயில் வாய் வைக்க ஆண்கள் கூசுவார்கள் என்று பெண்ணாக வடித்தார். முகத்துக்கு, சுவரில் பார்த்தவள் நினைவுக்கு வந்தாள்.

பொம்மைக்காரரின் கைவண்ணம் கழுத்தில் இருக்கிறது. தலையைப் பின்னால் சாய்த்து மோவாயைத் தூக்கினால்தான் காற்று உள்ளே போகும். இல்லாவிட்டால் எவ்வளவு ஊதினாலும் நெஞ்சு எழும்பாது. மயங்கிக் கிடப்பவரின் தொண்டையும் அப்படித்தான் அடைத்துக்கொள்கிறது. பக்கம் பக்கமாகப் படித்தாலும் ஏறாத பாடம், ஒருமுறை ஊதித் தோற்றால் ஏறிவிடும்.

நெஞ்சை அழுத்தும் பாடம் பின்னால் சேர்ந்தது. பால்டிமோரிலேயே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நாய்களை வைத்துச் சோதித்தபோது, மின்னதிர்ச்சிக் கருவியின் தகடுகளை நெஞ்சில் அழுத்தினாலே இரத்த அழுத்தம் ஏறுவதை கை நிக்கர்பாக்கர் என்ற ஆய்வாளர் கவனித்தார். 1960இல் அந்த ஆய்வு வெளிவந்தது. சஃபர் சொன்ன யோசனைப்படி ஆனியின் நெஞ்சுக்குள் ஒரு சுருள்வில் போனது.

அதே 1960இல் ஆனி விற்பனைக்கு வந்தாள். லார்டால் 1981இல் இறந்தார். நிறுவனத்தை ஏற்று நடத்தியவர், அன்று தண்ணீரிலிருந்து தூக்கப்பட்ட டோரே.