சந்திரமுகி எந்த ஊர்க்காரி?

'சந்திரமுகி 2' வெளியானது 2023 செப்டம்பர் 28, வியாழக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் காவிரிக்காக பெங்களூரு பந்த் நடந்து முடிந்திருந்தது. மறுநாள் 29-ஆம் தேதி கர்நாடகம் முழுக்க பந்த். நடுவில் மாட்டிய அந்த வியாழக்கிழமையே, 'சித்தா' படத்துக்காக பெங்களூரில் பத்திரிகைக்காரர்களைச் சந்தித்துக்கொண்டிருந்த சித்தார்த்தைப் பேசவிடாமல் நிறுத்தினார்கள். அதனால் சிவாஜிநகர் பக்கம் அந்த வாரம் "படம் எப்படி?" என்று யாரும் ஆரம்பிக்கவில்லை. "ஷோ இருக்கா, இல்லையா?" என்பதுதான் முதல் கேள்வி. பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னது அதைவிடச் சின்னது: "பயமே வரலை சார்."

எனக்கு இந்த "பயமே வரலை" சுவாரசியமாகப் பட்டது. ராஜ உடையில் ராகவா லாரன்ஸ், சந்திரமுகியாக கங்கனா ரணாவத், போதாததற்கு கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ். 2005 படத்தில் இதில் பாதிகூடக் கிடையாது. ஆனாலும் அப்போது என்னோடு ரூமில் இருந்த தடியன்கள் ராத்திரி தனியாக பாத்ரூம் போகத் தயங்கினார்கள். என்னதான் நடந்தது நடுவில்? அதற்கு முப்பது வருஷம் பின்னால் போகவேண்டும், கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

1993 டிசம்பரில் மலையாளத்தில் 'மணிச்சித்திரத்தாழ்' வந்தது. எழுதியவர் மது முட்டம், இயக்கியவர் பாசில். பூட்டிய அறை, பழைய வீடு, புதுசாகக் குடிவந்த தம்பதி என்று எல்லாம் பேய்க்கதைச் சாமான்கள். ஆனால் படத்தில் பேயே கிடையாது! கங்கா என்கிற பெண்ணின் மனநோய், அவ்வளவுதான். குணப்படுத்த வருகிறவர் மனநல மருத்துவர். ஷோபனாவுக்கு தேசிய விருது வாங்கிக்கொடுத்த வேடம் அது.

நம் ஆட்கள் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. கங்கா நோய் முற்றி 'நாகவல்லி' ஆகும்போது பேசுவது தமிழ். அதாவது மலையாளிக்கு அந்தப் பேய் தஞ்சாவூரிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்ட தமிழ் நாட்டியக்காரி. (நான் தஞ்சாவூர்க்காரன். இதில் பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.) அரண்மனைக் காட்சிகளில் சில எடுத்த பத்மநாபபுரம் அரண்மனையும் கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. நிர்வாகம் மட்டும் கேரள அரசு. நாகவல்லியின் தமிழ்க்குரல் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞருடையது. கங்காவின் மலையாளத்துக்குக் குரல் கொடுத்தவர் பாக்கியலட்சுமி. இரண்டுமே பாக்கியலட்சுமி குரல் என்றுதான் ஜனங்கள் ரொம்ப வருஷம் நம்பினார்கள். 2016-இல் பாசில் விளக்கிச் சொன்ன பிறகுதான் துர்காவின் பெயர் பரவலாகத் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷம்! கூடுவிட்டுக் கூடு பாய்ந்த கதையில், குரல் கொடுத்தவரே கண்ணுக்குத் தெரியாத ஆவி மாதிரி இருந்திருக்கிறார்.

அடுத்து கன்னடம். 2004 ஆகஸ்ட் 27-இல் 'ஆப்தமித்ரா', பி.வாசு இயக்கம், துவாரகீஷ் தயாரிப்பு. நான் வேலைக்குச் சேர்ந்து பெங்களூரு வந்த வருஷம் அது. பிறமொழிப் படங்கள் ஏழு வாரம் கழித்துத்தான் இங்கே வரவேண்டும் என்று கர்நாடக ஃபிலிம் சேம்பர் பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்த சமயம். புதுத் தமிழ்ப் படத்துக்குப் பஞ்சம். சரி, கன்னடமாவது கற்றுக்கொள்ளலாம் என்று ஆபீஸ் நண்பர்களோடு கிளம்பிவிட்டேன். "ஏனு", "யாக்கே" தாண்டி ஒன்றும் தெரியாது. பக்கத்து சீட்டு நண்பர் காதில் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார். கடைசி அரை மணி நேரம் அவரும் நிறுத்திவிட்டார். திரையில் சௌந்தர்யா ஆடிக்கொண்டிருந்தார்.

அந்தத் தியேட்டரில் இருந்த அமைதிக்கு ஒரு காரணம் உண்டு. சௌந்தர்யா அந்த வருஷம் ஏப்ரல் 17-ஆம் தேதியே, பெங்களூரு ஜக்கூரிலிருந்து கிளம்பிய சின்ன விமானம் விழுந்து இறந்துபோயிருந்தார். செத்துப்போன ஒருத்தி தன் உடம்பில் புகுந்துவிட்டதாக நினைக்கும் பெண்ணாக, செத்துப்போன நடிகை. கதை "பேய் இல்லை, நோய்தான்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. பார்க்கிறவன் மனசு கேட்குமா? அங்கேயே ஆரம்பித்துவிட்டது 'நாகவல்லி சாபம்' என்கிற பேச்சு. பிறகு அதன் தொடர்ச்சியான 'ஆப்தரக்ஷகா' 2010 பிப்ரவரியில் வருவதற்குள், 2009 டிசம்பர் 30-இல் விஷ்ணுவர்தனும் மாரடைப்பில் காலமானார். அப்புறம் கேட்கவா வேண்டும்! காய்கறி வாங்கப்போன ரஸ்ஸல் மார்க்கெட்டில்கூட அந்தச் சாபத்தைப் பற்றிக் கேட்டேன். ஒன்று விமான விபத்து, மற்றது மாரடைப்பு. இரண்டுக்கும் பேய் தேவையில்லை என்பது என் கட்சி.

நடுவில் 2005 ஏப்ரல் 14, நம்ம 'சந்திரமுகி'. அதே பி.வாசு, சிவாஜி புரொடக்ஷன்ஸின் ஐம்பதாவது படம். 'பாபா' அடிவாங்கி மூன்று வருஷம் கழித்து ரஜினி. அதே நாளில் கமலின் 'மும்பை எக்ஸ்பிரஸ்', விஜய்யின் 'சச்சின்'. சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளைத் தாண்டி ஓடிய படம் என்பது எல்லோருக்கும் தெரியும். பெங்களூருத் தமிழர்களின் கதை கொஞ்சம் வேறு. எங்களில் நிறையப் பேருக்கு முடிச்சு முன்கூட்டியே தெரியும்! ஏழெட்டு மாசம் முன்னால் கன்னடத்தில் பார்த்தாகிவிட்டது. மந்திரவாதிகூட அதே அவினாஷ்தான், இரண்டு படத்திலும். அப்புறமும் ஏன் கூட்டம் அலைமோதியது? "நம்ம பஸ் கண்டக்டர் எப்படிப் பண்ணியிருக்கார் பார்ப்போம்" என்பது ஒன்று. கதை தெரிந்த கூத்தை விடிய விடியப் பார்க்கிற பழக்கம் நம் ரத்தத்திலேயே இருப்பது இன்னொன்று.

அப்போதும் குறை சொன்னவர்கள் உண்டு. ஒரு மனநல மருத்துவர் எதற்கு அறிமுகக் காட்சியிலேயே ஆட்களைத் தூக்கி அடிக்கிறார் என்று என் மலையாளி சகஊழியர் ஒருவர் வாரக்கணக்கில் புலம்பினார். நியாயமான புலம்பல். ஆனால் ஜோதிகா கண்ணை உருட்டியதும், ரஜினி வேட்டையனாக அந்த "லகலகலக"வை எடுத்துவிட்டதும் வாதம் முடிந்துபோனது. வடிவேலு ஒரு பக்கம் நடுங்க நடுங்க, நாம் சிரித்துக்கொண்டே பயந்தோம்.

இனி மொழி விஷயம். மலையாளத்தில் தமிழ் பேசிய பேய், கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கு பேசியது. 'ராரா' பாட்டு இரண்டிலும் தெலுங்குதான். 2007-இல் இந்திக்கு 'பூல் புலைய்யா'வாகப் போனபோது மஞ்சுலிகா வங்காளி ஆகிவிட்டாள். யாருமே தன் மொழியில் பேய்க்குப் பேச்சுக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சொந்தப் பெண்டாட்டி ஒரு ராத்திரி எழுந்து உட்கார்ந்து பக்கத்து வீட்டு பாஷையில் சரளமாகப் பேசினால்? அந்தப் பயம்தான் படத்தின் முதுகெலும்பு. மந்திரவாதி, பாம்பு, பூட்டு எல்லாம் அப்புறம்.

சிவாஜிநகரில் இது வேறு மாதிரி கேட்கும். ஒரே சந்தில் ஒரு வீட்டில் தமிழ், அடுத்ததில் தக்கினி உருது, எதிரில் தெலுங்கு, கடைக்காரருக்கு எல்லாமே. பழைய கண்டோன்மென்ட், பட்டாளத்தோடு தமிழர்கள் வந்து குடியேறிய இடம். நூறு வயதைத் தாண்டிய எல்ஜின் டாக்கீஸ் இங்கேதான் இருந்தது. அடுத்த வீட்டு பாஷை இங்கே சாதாரண விஷயம், ஆனால் காவிரி சூடானால் அதே பாஷை கழுத்தைப் பிடிக்கும். 1991 டிசம்பரைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2016 செப்டம்பரில் பஸ்கள் எரிந்ததை நானே பார்த்தேன். 2008-இல் 'குசேலன்', 2018-இல் 'காலா' என்று ரஜினி படமே இங்கே வர முட்டிமோத வேண்டியிருந்தது.

என் மகள் பெங்களூரில் பிறந்தவள். தூக்கத்தில் கன்னடத்தில்தான் உளறுவாள். முதல் தடவை அதைக் கேட்டபோது என் மனைவி என்னை எழுப்பினாள், நான் லைட்டைப் போட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிரபு முகம் ஞாபகம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. வெளியூரில் பிள்ளை வளர்க்கிற உங்களில் பாதிப் பேருக்கு இந்த ராத்திரி வந்திருக்கும்.

2023-க்கு வருவோம். குலதெய்வத்தை மறந்த பெரிய குடும்பம் ஒன்று பரிகாரம் செய்ய ஊருக்கு வந்து வேட்டையபுரம் அரண்மனையில் தங்குகிறது. (இந்த ஒரு இடம் புலம்பெயர்ந்தவனுக்குச் சுருக்கென்று தைக்கும். வீடு விட்டு வீடு மாறி, மூன்று வருஷமாக எல்லைக்கோயிலுக்குப் போகவில்லை என்று ஊரிலிருந்து அம்மா போன் செய்வாரே, அது.) வடிவேலு உண்டு, ரஜினி இல்லை, ஜோதிகா இல்லை. இதில் பேய் நிஜப் பேய். வேட்டையனின் ஆவியும் நிஜம். 'ஆப்தரக்ஷகா'விலேயே ராஜா நூறு வயசு தாண்டியும் சாகாமல் இருப்பதாகக் கதையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். அங்கே விஷ்ணுவர்தனின் கடைசிப் படம் என்கிற துக்கம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. இங்கே மூட ஒன்றுமில்லை.

பேய் நிஜம் என்று ஆனதும் பார்க்கிறவனுக்கு வேலை போய்விட்டது. முதல் படத்தில் "நோயா, பேயா?" என்று கடைசிவரை கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தோம். விரட்டவேண்டிய பேய் என்றால் எலுமிச்சம்பழம் போதும், நாம் எதற்கு? கிராஃபிக்ஸ் சரியில்லை, பாட்டு நிற்கவில்லை, லாரன்ஸ் ரஜினி மாதிரி இல்லை என்று ஜனங்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ரஜினி மாதிரி இல்லை என்று லாரன்ஸைத் திட்டியது மட்டும் எனக்குச் சம்மதமில்லை. அந்த ஓப்பனிங் பேலன்ஸோடு யார் வந்தாலும் கணக்கு நஷ்டத்தில்தான் முடியும்.

அமெரிக்காவிலும் இதே பஞ்சாயத்து நடந்தது. 1964 முதல் 1966 வரை டி.வி.யில் வந்த 'தி மன்ஸ்டர்ஸ்', பூதக் குடும்பம் ஒன்று சாதாரணத் தெருவில் குடியிருக்கும் நகைச்சுவைத் தொடர். ராப் ஸோம்பி அதை 2022 செப்டம்பரில் படமாக எடுத்தார். டிரெய்லர் வந்ததுமே பழைய ரசிகர்கள், "கறுப்பு வெள்ளையில் பார்த்த எங்கள் பூதத்துக்கு எதற்கு இத்தனை கலர்?" என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் பூதமும் அக்கம்பக்கத்தில் ஒட்டாத குடும்பம்தான்.

2024 ஆகஸ்ட் 17-இல் 'மணிச்சித்திரத்தாழ்' 4கே-யில் மறுபடி வெளியானது. முப்பது வருஷம் தாண்டிய படம், டி.வி.யில் எத்தனையோ தடவை போட்டு அரைத்த படம். அதற்கும் கேரளத்துத் தியேட்டர்களில் கூட்டம். அன்றைக்கு ரஜினியின் சண்டையைப் பற்றிப் புலம்பிய அதே சகஊழியர் இப்போது ரிட்டையராகும் வயசில் இருக்கிறார். லீவு போட்டு ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை லஞ்சில் நாகவல்லியின் தமிழ் வசனம் முழுவதையும் கேண்டீனில் ஒப்பித்துக் காட்டினார். தஞ்சாவூர் உச்சரிப்பு இல்லை. ஆனால் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த பையன் இரண்டடி பின்னால் போய்விட்டான் :-)