கல்கத்தாவிலிருந்து தில்லிவரை: ஓர் இரசாயன ஆசிரிய பரம்பரை

தில்லி மாநகரில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் ஒரு கேள்வி எழுவது வழக்கம்: "பிள்ளையை எதில் சேர்ப்பது?" பொறியியலும் மருத்துவமும் கைகூடாதபோது, "இரசாயனத்தில் பி.எஸ்ஸி. சேரட்டும்" என்று அரை மனத்தோடு சொல்லிவிடுகிறோம். அந்தப் பட்டப்படிப்பு இந்நாட்டில் வேரூன்றிய வரலாற்றையும், அது நம் தில்லிவரை வந்துசேர்ந்த வழியையும் அறிந்தால், அரை மனம் முழு மனமாகும் என்பது நம் எண்ணம்.

கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் 1857-ஆம் ஆண்டில் தோன்றின. ஆயினும் நெடுங்காலம் இரசாயனம் என்பது பெரும்பாலும் காதால் கேட்கும் பாடமாகவே இருந்தது. ஆசிரியர் மேடையில் சோதனை செய்வார்; மாணவர் பார்த்திருப்பர். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் அலெக்ஸாண்டர் பெட்லர் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் அவ்வாறு செய்துகாட்டிய சோதனைகள், வேறொரு கல்லூரியிலிருந்து வந்து கேட்ட ஓர் இளைஞரின் உள்ளத்தைக் கவர்ந்தன. அவரே பிரபுல்ல சந்திர ராய். கண்டது போதாதென்று, அவரும் நண்பர் ஒருவரும் தாமே சிறு ஆய்வுக்கூடம் அமைத்தனர். மெல்லிய தகரத்தால் செய்த ஊதுகுழலில் ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் கலந்து எரிக்க முயன்றபோது அது பேரொலியுடன் வெடித்தது. இருவரும் தெய்வாதீனமாகத் தப்பினர். அதற்குப் பின்னும் ஆர்வம் குன்றவில்லை. 1882-இல் உதவித்தொகை பெற்று எடின்பரோ சென்ற ராய், 1885-இல் பி.எஸ்ஸி. பட்டமும் 1887-இல் டி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார்.

தாயகம் திரும்பிய அம்மேதைக்கு 1889-இல் கிடைத்ததோ, அதே மாநிலக் கல்லூரியில் மாதம் இருநூற்றைம்பது ரூபாய்ச் சம்பளத்தில் உதவிப் பேராசிரியர் பதவி. உயர்ந்த கல்விப் பணிநிலை அந்நாளில் பெரும்பாலும் ஆங்கிலேயருக்கே உரியதாயிருந்தது. அந்த அநீதியை அவர் உணர்ந்தார். உணர்ந்தும் வகுப்பைக் கைவிட்டாரில்லை. 1894-இல் கல்லூரிக்குப் புதிய இரசாயன ஆய்வுக்கூடம் அமைந்தது. முதலாண்டு மாணவருக்குப் பாடம் சொல்வதையே அவர் விரும்பி ஏற்றார். இளங்களிமண்ணைப் போன்ற அந்த வயதில்தான் உள்ளம் வடிவம் பெறும் என்பது அவர் கொள்கை. எலும்பைச் சுட்ட சாம்பலை வகுப்பில் எடுத்துக்காட்டித் தம் வாயிலே இட்டுக்கொள்வார். தீயில் வெந்தபின் அது எலும்பு அன்று, கால்சியம் பாஸ்பேட் என்னும் உப்பே என்பதை ஆசாரம் மிக்க வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாக யார் விளக்க முடியும்?

பாதரச நைட்ரைட்டைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி 1896-இல் வெளிவந்தது. அவர் தொடங்கிய மருந்துத் தொழிற்சாலை 1901-இல் 'பெங்கால் கெமிக்கல்' என்ற கூட்டு நிறுவனமாயிற்று. சத்யேந்திரநாத் போஸ், மேகநாத் சாகா, ஞானசந்திர கோஷ் முதலிய மாணவர் அணி அவரிடம் பாடம் கேட்டது. ஆனால் நாம் இங்கு நினைவுகூர வேண்டியவர் அவருடைய மற்றொரு மாணவர், விமான விஹாரி டே. இந்த வங்காளியார் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தார். கங்கைக்கரையில் ஏற்றிய விளக்கு இவ்வாறு தமிழகத்தில் ஒளிவீசியது.

காவிரிக் கரையிலுள்ள குளித்தலையில் 1900-ஆம் ஆண்டில் பிறந்த தி. ரா. சேஷாத்ரி, 1917-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் இரசாயன ஆனர்ஸ் வகுப்பில் சேர்ந்தார். பட்டம் பெற்றபின் டே அவர்களின் மேற்பார்வையில் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். பின்னர் மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் பயின்று 1929-இல் முனைவர் பட்டம் பெற்றார். வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்து இரசாயனத் துறையை வளர்த்தெடுத்து, 1949-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் இரசாயனத் துறைத் தலைவராக நம் நகருக்கு வந்தார். பருத்திப் பூவின் மஞ்சள் நிறம் எதனால் ஆயது, இமயப் பாறைகளில் படரும் பாசிக்காளான்களில் என்னென்ன பொருள்கள் உள்ளன என்றெல்லாம் அவரும் அவர்தம் மாணவரும் ஆராய்ந்தனர். 1960-இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார்; 1963-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1975-இல் அவர் மறைந்தபோது, அவரிடம் பயின்றோர் நாடெங்கும் ஆசிரியராய் விளங்கினர்.

ராயிடமிருந்து டே, டேயிடமிருந்து சேஷாத்ரி. கல்கத்தாவிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து வால்டேர் வழியாகத் தில்லி. சங்கீதத்தில் மட்டுமா குருபரம்பரை உண்டு? இப்பரம்பரை புத்தகத்தால் மட்டும் வளர்ந்ததன்று. பியூரெட்டிலிருந்து விழும் கடைசித் துளியில் நிறம் மாறுவதைக் கண்கொட்டாமல் நோக்குவதிலும், பெயர் அறியாத உப்பைக் கரைத்தும் சுட்டும் முகர்ந்தும் அதன் கூறுகளைக் கண்டறிவதிலும், கண்டதைக் கண்டபடியே ஏட்டில் எழுதுவதிலும் வளர்ந்தது. விடையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு அதற்கேற்ப எண்களை எழுதும் மாணவன், பட்டம் பெறலாம்; பரம்பரையில் சேரமாட்டான்.

2022 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புக்கு நான்காம் ஆண்டும் வகுக்கப்பட்டு, அதில் ஆராய்ச்சிக்கும் இடம் தரப்பட்டுள்ளது. வேதியியல் என்று இன்று நாம் வழங்கும் இத்துறையில் நம் காலனியிலிருந்து ஒரு மகனோ மகளோ சேர்வார்களாயின், "வேறு இடம் கிடைக்கவில்லையா?" என்று கேளாதிருப்போம். "இன்று ஆய்வுக்கூடத்தில் என்ன செய்தாய்?" என்று கேட்போம். அமிலம் பட்டுத் துளைவிழுந்த மேலங்கியுடன் வீடு திரும்பும் அப்பிள்ளை, நூறாண்டுக்கு மேலாக எரிந்துவரும் ஒரு விளக்கிற்கு எண்ணெய் வார்த்துவிட்டு வருகிறது.