பத்திரிகையும் அதன் மொழியும்

பல மொழிகள் வழங்கும் ஒரு நாட்டில் பத்திரிகை தொடங்குபவர் எந்த மொழியைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது, அவர் யாருடன் பேச விரும்புகிறார் என்பதையும் சொல்லிவிடுகிறது. இந்தியப் பத்திரிகை வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணமே மேலோங்குகிறது.

1780 இல் கல்கத்தாவில் ஜேம்ஸ் ஒகஸ்டஸ் ஹிக்கி தொடங்கிய முதலாவது பத்திரிகை ஆங்கில வாரப் பத்திரிகை. அங்கு வாழ்ந்த ஐரோப்பியரே அதன் வாசகர்கள். 1818 இல் செரம்பூர் மிஷனரிமார் வங்காளியில் 'சமாச்சார் தர்ப்பண்' வெளியிட்டனர். 1822 இல் பம்பாயில் குஜராத்தி மொழியில் பிறந்த 'பம்பாய் சமாச்சார்' இன்றும் வெளிவருகிறது. ஆனால் 1826 இல் கல்கத்தாவில் தோன்றிய முதல் ஹிந்திப் பத்திரிகை 'உதந்த் மார்த்தாண்ட்' அடுத்த ஆண்டே நின்றுபோயிற்று. அச்சகம் கல்கத்தாவில், வாசகரோ தொலைவில் வட இந்தியாவில். தபாற் கட்டணச் சலுகையும் கிடைக்கவில்லை.

1878 இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த சுதேசமொழிப் பத்திரிகைச் சட்டத்தை இங்கு விசேடமாகக் குறிப்பிட வேண்டும். அரசுக்கு ஒவ்வாதவற்றை வெளியிட்டால் பிணைப்பணமும் அச்சியந்திரமும் பறிபோகலாம். நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யவும் வழியில்லை. ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. எனவே, வங்காளியிலும் ஆங்கிலத்திலுமாக வந்துகொண்டிருந்த 'அம்ரித பஜார் பத்திரிகா' உடனடியாக முழு ஆங்கிலப் பத்திரிகையாக மாறிற்று. பத்திரிகை பிழைத்தது, ஆங்கிலம் அறியாத அதன் வங்காள வாசகன் கைவிடப்பட்டான். பின்னர் ரிப்பன் பிரபு காலத்தில் இச்சட்டம் நீக்கப்பட்டது.

அதே 1878 இல் சென்னையில் 'தி ஹிந்து'வைத் தொடங்கியோருள் ஒருவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். ஆங்கிலத்தில் அரசை விமர்சித்தால் மட்டும் போதாது என்று கண்ட அவர், 1882 இல் 'சுதேசமித்திரன்' வாரப் பத்திரிகையைத் தமிழில் ஆரம்பித்தார். 1899 இல் அது தினசரியாயிற்று. இவ்விரண்டில் கடினமான பணி இரண்டாவதே என்பேன். அரசியலைப் பேசுவதற்கான தமிழையும் அல்லவா அவர் உருவாக்க வேண்டியிருந்தது! 1904 இல் பாரதியார் உதவியாசிரியராகச் சேர்ந்தது இப்பத்திரிகையிலேதான்.

சுதந்திரத்தின் பின்னரும் விளம்பர வருமானமும் செல்வாக்கும் ஆங்கிலத்தின் பக்கமே நின்றன. 1979 இல்தான் ஹிந்தித் தினசரிகளின் மொத்த விற்பனை ஆங்கிலத் தினசரிகளின் விற்பனையை முதன்முறையாக விஞ்சியது. எழுத்தறிவின் பரவலும் ஓப்செட் அச்சும் இதற்குக் கைகொடுத்தன. 1974 இல் விசாகப்பட்டினத்தில் தோன்றிய தெலுங்குத் தினசரி 'ஈநாடு' மாவட்டச் செய்திகளுக்குத் தனி இடம் அளித்து வளர்ந்தது. 1992 இல் நெல்லூர்க் கிராமத்துப் பெண்கள் சாராயத்துக்கு எதிராக எழுந்தபோது, அவர்களின் போராட்டத்தை அது நாள்தோறும் எடுத்துச் சொன்னது. மறு ஆண்டு ஆந்திர அரசு சாராயத்தைத் தடைசெய்தது.

லிட்டன் பிரபு அஞ்சியதும் இதற்குத்தான் என எண்ணுகிறேன். சாதாரண மக்கள் தம் சொந்த மொழியிலே தம்மைப் பற்றிப் படிக்கத் தொடங்கிவிட்டால், அவர்களை வெறும் பார்வையாளராக வைத்திருப்பது எந்த அரசுக்கும் எளிதல்ல.